மணமகள் தலையணி

தமிழ் மகளிர் பண்டுதொட்டே அணிகலன்களில் விருப்புடையவர். அடிமுதல் முடிவரை அவர்கள் அணிந்த அணிகளின் பெயர்களைத் தொகுத்தால் அதுவே ஒரு சிறு நூலாகும். அவ்வணிகளுள் ஒவ்வொன்றும் தங்கி நிற்பதற்கு உடம்பில் ஓர் இடம் உண்டு. காதணி காதின் துளையில் நிற்கும். கழுத்தணி தோளின்மேல் தங்கும். வளையல் கையின் மொழியைத் தாண்டி வீழாது. சிலம்பு கணுக்காலில் தடைப்பட்டு நிற்கும். தலையணி ஒன்றற்கே அத்தகைய இயற்கை இருக்கை இல்லை. வழுவழுப்பான கூந்தலிலும் சரிந்த நெற்றியிலும் வைக்கப்பெறும் அது, அணிந்தவர் குனியுந்தோறும் நிமிருந்தோறும் நழுவப் பார்க்கும். ஆதலின், தலையணியை அணிவதற்குப் பிறர் கை வேண்டும்; கைக்குப் பழக்கம் வேண்டும்; பழக்கத்திற்குமேல் பரிவும் வேண்டும்.

இவ்வணி தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. திருமுருகாற்றுப்படையில் சூரரமகளிரின் கோலத்தைப் புனையும் நக்கீரர், தெய்வவுத்தி, வலம்புரி, மகரப்பகுவாய் என்னும் தலையணிகளைக் கூறுகிறார். இளங்கோவடிகள் கடலாடு காதையில் மாதவியின் தலைக்கோலத்தை உரைக்குமிடத்துத் தொய்யகம், புல்லகம் என்பவற்றையும் சேர்த்துச் சொல்கிறார். மகளிர் கூந்தலை முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என ஐவகையாக முடித்தமையால் அதற்கு ஐம்பால் என்னும் பெயர் வந்தது என்பர். பெயர்கள் மாறின, பழக்கம் மாறவில்லை. இக்காலத்தில் தலைச்சாமான் என்று வழங்கும் தொகுதியில் நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, சடைநாகம், சடைப்பில்லை, குஞ்சலம் முதலியன அடங்கும். வகிட்டின் வழியே ஓடி நெற்றியில் தொங்குவது சுட்டி. வகிட்டின் வலப்பக்கம் ஞாயிறும் இடப்பக்கம் திங்களும் அமையும். பின்னல் தொடங்கும் இடத்தில் வட்டமாகப் பொருந்துவது ராக்கொடி. பின்னலின்மேல் நாகமும் பில்லைகளும் வரிசையாக இறங்கப் பின்னலின் நுனியில் குஞ்சலம் ஆடும். இவற்றில் பதிக்கும் செந்நிறக் கற்களைக் கெம்பு என்பர். கெம்பு என்பது கன்னடத்தில் சிவப்பைக் குறிக்கும் சொல். நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் வெள்ளியின்மேல் பொற்றகடு போர்த்துக் கெம்பு பதிக்கும் கைவினைஞர் வழிவழியாக இத்தொழிலைச் செய்து வருகின்றனர். அவர்தம் கோயில் நகைகள் புவிசார் குறியீடும் பெற்றுள்ளன.

அணியைச் செய்யும் கையின் பெருமையை எல்லாரும் அறிவர். அதனைத் தலையில் பொருத்தும் கையின் பெருமையை அறிந்தவர் சிலரே. திருப்புட்குழியில் நிகழ்ந்த ஒரு திருமணம் அதனை நன்கு காட்டும்.

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் செல்லும் பெருவழியில், பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டி அமைந்துள்ளது திருப்புட்குழி. திருமங்கையாழ்வாரால் பாடப்பெற்ற இத்தலம் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று. புள் என்பது பறவை. சீதையை மீட்கப் போரிட்டுச் சிறகிழந்து மாண்ட சடாயு என்னும் புள்ளிற்கு இராமபிரான் இவ்விடத்தே இறுதிக்கடன் ஆற்றினான் என்பது ஊரின் பழங்கதை. அதனால் கோயிலின் எதிரேயுள்ள குளம் சடாயு தீர்த்தம் எனப்படுகிறது. இங்கே எழுந்தருளியிருக்கும் பெருமாள் விசயராகவர், தாயார் மரகதவல்லி. வறுத்த பயறும் இத்தாயாரின் அருளால் முளைவிடும் என்பது மகளிரின் நம்பிக்கை. மகப்பேறு வேண்டுவோர் இங்கு வந்து, வறுத்த பயற்றை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு இரவில் உறங்குவர். காலையில் அது முளைத்திருப்பின் தம் எண்ணம் ஈடேறும் என்று மகிழ்வர்.

இவ்வூரில் பூத்தொடுத்து வாழும் முதுமகள் ஒருவர் இருந்தார். ஊரார் அவரை ஆயா என்றே அழைத்தனர். கோயிலுக்கு மாலை கட்டுவதும், திருமண வீடுகளில் மணமகளுக்குப் பூச்சடை தைத்துத் தலையணி பொருத்துவதும் அவருடைய தொழில். அறுபது ஆண்டுகளாக நார் பிடித்த விரல்கள் அவருடையவை. மாலை கட்டுவோர் அறிந்த உண்மை ஒன்று உண்டு. முடிச்சு மிகத் தளர்ந்தால் பூ உதிரும். மிக இறுகினால் காம்பு அறுந்து அப்போதும் பூ உதிரும். காம்பு நசுங்காமலும் நழுவாமலும் பிடிக்கும் அளவு ஒன்றே. அவ்வளவைக் கண்ணால் காண முடியாது, விரல்தான் அறியும்.

ஒரு வைகாசி மாதத்தில் அவ்வூர்ப் பெண் ஒருத்திக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. மணமகன் உத்திரமேரூரைச் சேர்ந்தவன். மாசி மாதத்தில் அப்பெண் டைபாய்டு எனப்படும் குடற்காய்ச்சலால் மூன்று கிழமை படுக்கையில் கிடந்தாள். காய்ச்சல் நீங்கியது, உடலும் தேறியது. ஆனால் சித்திரையில் அவளுடைய கூந்தல் உதிரத் தொடங்கியது. சீப்பை வைத்தால் கொத்துக் கொத்தாக வந்தது. இடுப்பளவு நீண்டு கைப்பிடி கொள்ளாதிருந்த பின்னல், சுண்டுவிரல் அளவாக மெலிந்தது. கடுங்காய்ச்சலுக்குப் பின் இரண்டு மூன்று திங்கள் கழித்து இவ்வாறு முடி உதிர்வது இயற்கையே. நோயின் தாக்குதலால் வளர்ச்சி நின்று ஓய்வு நிலைக்குச் சென்ற முடிகள் ஒருசேர உதிர்கின்றன, வேர்கள் அழிவதில்லை, சில திங்களில் புதுமுடி தோன்றும். இதனை மருத்துவர் எடுத்துரைத்தும் பெற்றோர்க்கு அமைதி உண்டாகவில்லை. மணநாள் நெருங்கிவிட்டது. காய்ச்சல் வந்த செய்தியை மணமகன் வீட்டாருக்கு அவர்கள் சொல்லவும் இல்லை.

தலையணியோ அவர்களுக்குச் சொந்தமன்று. அண்டை வீட்டில் மூன்று தலைமுறையாக இருந்து வந்த பழைய கெம்புத் தலைச்சாமானை இரவலாகப் பெற்றிருந்தனர். அத்தெருவில் மணமுடித்த பெண்களுள் பலர் அதனை அணிந்தே மணையில் அமர்ந்தவர். ஒரு வீட்டின் பெட்டியில் இருந்தாலும் அது தெருவிற்கே பொதுவானது போலாயிற்று. இத்தகைய வழக்கம் பிற நாட்டிலும் உண்டு. சுவீடன் நாட்டில் ஊர்த் தேவாலயங்கள் பல தமக்கென ஒரு மணமகுடத்தை வைத்திருந்து, அவ்வூரில் மணம் செய்துகொள்ளும் பெண்களுக்கு அதனை அணிவித்து அனுப்புகின்றன. செல்வர் மகளாயினும் வறியவர் மகளாயினும் அந்நாளில் சூடுவது ஒரே முடி. இரவல் அணிக்கு ஒரு கடமையும் உண்டு. அணிந்தவர் அதனைச் சிதைவின்றித் திருப்பித் தரவேண்டும்.

திருமணத்திற்கு முன்னாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு நிகழ்ந்தது. நகரிலிருந்து கூலி பேசி அழைக்கப்பெற்ற ஒப்பனைக்காரர் ஒருவர் மணமகளைப் புனைந்தார். மெலிந்த கூந்தலில் கனத்த அணி நிற்கவேண்டுமே என்று, இருந்த முடியை எல்லாம் ஒன்றாகத் திரட்டிப் பின்னோக்கி இறுக இழுத்து முடிந்தார். அதன்மேல் இரண்டு டசன் ஊசிகளைச் செருகினார். கண்ணாடியில் பார்க்கும்போது குறை ஒன்றும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. தலை வலிக்கத் தொடங்கியது. பெரியோரை வணங்கக் குனிந்தபோது சுட்டி புருவத்தின்மேல் சரிந்தது; ராக்கொடி ஒருபுறம் சாய்ந்து தொங்கியது. இரவில் ஊசிகளைப் பிடுங்கியபோது முடியும் கூடவே வந்தது. நெற்றியோரம் சிவந்து கன்றியிருந்தது. மணமகள் வாய்விட்டு அழுதாள். “நாளைக்கு இந்த அணி எனக்கு வேண்டா, வெறுந்தலையோடு அமர்கிறேன்” என்றாள். “வெறுந்தலையோடு அமர்ந்தால் பெண் நோயாளி என்று நாலு பேர் பேசுவார்களே” என்று தாய் கலங்கினாள். அந்நேரத்தில் ஆயாவை அழைத்து வர ஆள் போயிற்று.

முதுமகள் வந்து விளக்கை அருகில் வைக்கச் சொன்னார். பெண்ணின் தலையைத் தம் மடியில் சாய்த்து, விரல்களால் முடியை வகுத்து வகுத்துப் பார்த்தார். “காய்ச்சல் எப்போது கண்டது?” என்று கேட்டார். தாய் தயங்கினாள். மகள் மறைக்காமல் சொன்னாள்.

“ஆயா, முடி போனால் மானம் போனதாகத்தானே ஊரார் எண்ணுவர்? கவரிமான் கதையைப் பள்ளியில் படித்தேனே” என்றாள் அவள்.

திருவள்ளுவர் மானம் என்னும் அதிகாரத்தில் கவரிமாவை எடுத்துக்காட்டியிருப்பதை அவள் நினைத்தாள் போலும். முதுமகள் பள்ளி சென்றவரல்லர். ஆயினும் அவர் மறுமொழி தெளிவாக இருந்தது. “கவரிமான் கதை எனக்குத் தெரியாதம்மா. காய்ச்சல் உன்னைக் கேட்டுக்கொண்டா வந்தது? நீ செய்யாத ஒன்றுக்கு நீ ஏன் நாணவேண்டும்? செய்த தவற்றுக்கு நாணினால் அது மானம்” என்றார். வள்ளுவர் உரைத்த உவமையின் கருத்தும் அதுவேயன்றோ? மானம் இழக்கும் நிலை வரின் உயிரையும் விடும் உயர்ந்தோர்க்கே அவர் கவரிமாவை உவமை கூறினார். நோயால் முடி உதிர்ந்தவர்க்குக் கூறினாரல்லர்.

பின்னர் முதுமகள் செய்யவேண்டியவற்றைச் சொன்னார். “இன்றிரவே சீயக்காய் தேய்த்துத் தலை முழுகிச் சாம்பிராணிப் புகையில் நன்றாக உலர்த்துங்கள். காலையில் மங்கல நீராட்டின்போது உச்சியில் ஒரு துளி எண்ணெய் மட்டும் தொட்டு வையுங்கள். தலையில் நீர் ஊற்றவேண்டா. ஈர முடியில் எது கட்டினாலும் நில்லாது” என்றார். நனைந்த முடி நீளும் தன்மையது, உலரும்போது சுருங்கும். ஈரத்தோடு கட்டிய முடிச்சு, முடி உலர்ந்தபின் இடம் மாறும். அப்போதுதான் தேய்த்து முழுகிய முடியோ வழுக்கும். ஓர் இரவு கழிந்தபின் ஊசியும் நூலும் பற்றுவதற்கு ஏற்றதாகும்.

விடியற்காலை நான்கு மணிக்கு முதுமகள் வந்தார். அவர் கொண்டு வந்தவை மிகச் சிலவே: ஒரு மரச்சீப்பு, கறுப்பு நூற்கண்டு ஒன்று, இரண்டு ஊசிகள், ஒரு சிறு கத்தரிக்கோல், பழைய வேட்டியைக் கிழித்துக் கறுப்புச் சாயம் ஏற்றிய ஒரு துணிப்பட்டை, ஒரு சவுரி. சவுரி என்பது பின்னலுக்கு நீளமும் பருமனும் தருவதற்காக இணைக்கும் முடி. கவரிமாவின் மயிரைக் குறித்த சொல்லே பிற்காலத்தில் இப்பொருளைக் குறித்தது. முன்னாள் இரவில் மணமகள் அஞ்சிய கவரியே மறுநாள் காலை அவளுக்குத் துணையாக வந்தது.

“கதவைச் சாத்திவிடட்டுமா ஆயா? சம்பந்தி வீட்டார் வருவதற்குள் சவுரியை வைத்து முடித்துவிடுங்கள்” என்றாள் தாய்.

“எனக்கு வெளிச்சம் வேண்டும்; கதவு திறந்தே இருக்கட்டும்” என்றார் முதுமகள்.

அவர் முதலில் மூக்கின் நேராக வகிடெடுத்தார். வகிடு கோணினால் சுட்டி கோணும்; சுட்டி கோணினால் முகமே கோணியதுபோல் தோன்றும். பின்னர் முடியை மொத்தமாகப் பின்னே இழுக்கவில்லை. நெற்றியோர முடிகளை ஒரு விரலகலம் தொடாமலே விட்டார். அவற்றிற்குப் பின்னால் வகிட்டின் இருமருங்கும் ஒவ்வொன்றும், காதுகளின்மேல் ஒவ்வொன்றுமாக நான்கு குட்டிப் பின்னல்கள் பின்னினார். துணிப்பட்டையை முடிக்கு அடியில், காதுகளுக்குப் பின்னால் சுற்றிப் பிடரியில் கட்டினார். குட்டிப் பின்னல்களைப் பட்டையோடு சேர்த்துத் தைத்தார். இவ்வாறு தலையைச் சுற்றி ஒரு வலைபோன்ற தாங்கல் அமைந்தது. மேலே மிஞ்சிய முடியை வாரிவிட்டதும் அவ்வலை கண்ணுக்கு மறைந்தது.

இம்முறையின் பொருத்தத்தை இக்கால அறிவியலும் விளக்கும். நலமுள்ள மனிதனின் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உண்டு. ஒரு முடி தனித்து ஏறத்தாழ 100 கிராம் எடையைத் தாங்கும் வலிமையுடையது. எனவே கால் கிலோ எடையுள்ள தலையணி கூந்தலுக்கு ஒரு சுமையே அன்று. ஆனால் சுமை முழுவதும் ஒரே இடத்துச் சில முடிகளின்மேல் விழுமானால், முடி அறாவிடினும் வேர் இடம் விட்டுப் பெயரும். முடியை இடைவிடாது இறுக்கிக் கட்டுவதால் நெற்றியோரம் வழுக்கையாவதைக் கிரீன்லாந்துப் பெண்களிடம் கண்டு 1907ஆம் ஆண்டிலேயே மருத்துவர் குறித்துள்ளனர். நோயால் தளர்ந்த வேர்களுக்கோ ஒரு நாள் இறுக்கமும் தீங்காகும். சுமையைக் குறைக்க இயலாதபோது அதனைப் பகிர்ந்து வைப்பதே வழி. ஒப்பனைக்காரர் இறுக்கத்தை நம்பினார். முதுமகள் பகிர்வை நம்பினார்.

இவ்வளவில் வாயிலில் காலடி ஓசை கேட்டது. கூறைப்புடவைத் தட்டோடு மணமகனின் தாய் உள்ளே வந்தார். மணமகளின் மெலிந்த கூந்தலும், அருகில் கிடந்த சவுரியும், நெற்றியோரத்துக் கன்றலும் அவர் கண்ணில் பட்டன. அறையில் ஒருவரும் பேசவில்லை. தாயின் முகம் வெளுத்தது. முதுமகள் ஊசியை நிறுத்தினாரே அன்றி, வாய் திறக்கவில்லை.

மணமகளே பேசினாள். “அத்தை, மாசியில் எனக்குக் குடற்காய்ச்சல் வந்தது. முடி உதிர்ந்துவிட்டது. உங்களிடம் முன்பே சொல்லியிருக்கவேண்டும். சொல்லாதது தவறு, பொறுத்துக்கொள்ளுங்கள்” என்றாள்.

மணமகனின் தாய் தட்டைக் கீழே வைத்தார். சிறிது நேரம் நின்று பார்த்தார். “சொல்லியிருக்கலாம்” என்றார். பின்பு பாயில் அமர்ந்து நூற்கண்டைக் கையில் எடுத்தார். “ஆயாவுக்குக் கண் மங்கல் போலிருக்கிறது. நான் ஊசி கோத்துத் தருகிறேன். எந்த இடம் வலிக்கிறது என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இரு” என்றார். அவர் கோத்துக் கொடுத்த நூலால்தான் எஞ்சிய வேலை முழுவதும் நடந்தது.

முதலில் ராக்கொடி பொருந்தியது. தலையணிக்கு அதுவே நங்கூரம். முன்னே தொங்கும் சுட்டியின் சங்கிலி பின்னே சென்று மாட்டப்பெறுவது அதன் அருகில்தான். ராக்கொடியின் அடியிலுள்ள வளையங்களைப் பட்டையோடு தைத்தபின், சுட்டியின் பதக்கத்தை நெற்றியில் அளந்து வைத்துச் சங்கிலியின் கொக்கியை நூல் வளையத்தில் மாட்டினார். கொக்கியின் வாய் மேல்நோக்காமல் உள்நோக்கித் திரும்புமாறு வைத்தார். இல்லையெனில் மாலை மாற்றும்போது நார் அதில் சிக்கும். ஞாயிற்றுக்கும் திங்களுக்கும் மும்மூன்று தையல் இட்டார். ஒரே நூலில் மூன்றையும் ஓட்டவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே முடிந்து நறுக்கினார். “ஒன்று அறுந்தால் மற்றை இரண்டும் நிற்கவேண்டும், ஒரே ஓட்டமாகத் தைத்தால் ஒன்று அறும்போது எல்லாம் அவிழும்” என்றார். சவுரியின் தலைப்பை மெலிந்த பின்னலில் கட்டாமல் பட்டையில் கட்டி, இயற்கை முடியை அதனோடு சேர்த்து மூன்று புரியாகப் பின்னினார்.

“சடைநாகமும் பில்லைகளும் கனக்குமே, அவை வேண்டுமா?” என்று மணமகனின் தாய் கேட்டார்.

“வேண்டா. அவற்றின் இடத்தில் மல்லிகை வைப்போம்” என்றார் முதுமகள். பேழையின் அணி எல்லாவற்றையும் அணிந்தே ஆகவேண்டும் என்னும் கட்டாயம் எவர்க்கும் இல்லை. வாழைப்பட்டையின்மேல் மல்லிகை அரும்புகளை நெருங்கத் தைத்துப் பின்னலோடு இணைத்தார். குஞ்சலம் மட்டும் நுனியில் ஆடியது. கடைசியில் ஊசிகள் ஒன்பது மட்டுமே செருகப்பட்டன. ஒவ்வோர் ஊசியையும் முடியின் போக்கிற்கு எதிராக நுழைத்துச் சிறிது முடியைக் கோத்துத் திருப்பிப் பட்டையின் அடியில் செலுத்தினார். தளர்ந்த இடத்தில் இரண்டு ஊசிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்தார். ஒன்றை மற்றொன்று தடுப்பதால் இரண்டும் நழுவுவதில்லை.

வேலை முடிந்தது என்று முதுமகள் எழுந்துவிடவில்லை. “குனிந்து என் காலைத் தொடு” என்றார், அவள் தொட்டாள். “இடப்புறம் பார், வலப்புறம் பார், சிரித்துக் காட்டு” என்றார். பூக்கூடையிலிருந்து ஒரு மாலையை எடுத்து அவள் தலைவழியே இட்டும் கழற்றியும் பார்த்தார். “எங்கேனும் வலிக்கிறதா?” என்று கேட்டார். வலக்காதின்மேல் சிறிது இழுக்கிறது என்றாள் அவள். அந்த ஒரு தையலை அறுத்து மறுபடியும் தைத்தார். பொறுத்துக்கொள் என்று சொல்லவில்லை. காலையில் சிறிதாகத் தோன்றும் இழுப்பு நண்பகலில் பெருவலியாகும் என்பதை அவர் அறிவார்.

முகூர்த்த வேளை வந்தது. மணமக்கள் மாலை மாற்றினர். மூன்றாம் முறை மாற்றும்போது தோழர்கள் மணமகனைத் தூக்கி விளையாடினர். அவன் கை உயர்ந்து தாழ்ந்ததில் மாலையின் ஒரு சரம் சந்திரப்பிறையில் சிக்கி இழுத்தது. பிறை அசைந்து சாய்ந்தது. முன்வரிசையிலிருந்த மணமகனின் தாய் தம்மை அறியாமல் எழுந்து நின்றார். சரம் விடுபட்டது, பிறை தன் நிலைக்கே திரும்பிற்று. தாலி கட்டும்போது மணமகள் தலை குனிந்தாள். அம்மி மிதிக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்தாள். பெரியோர் பலரை வணங்கி எழுந்தாள். தலையணி இருந்த இடத்தில் இருந்தது. கூட்டத்தின் ஓரத்தில் பூக்கூடையோடு நின்ற முதுமகளை யாரும் கவனிக்கவில்லை.

மாலையில் அணியைக் களைவதற்கும் அவரே வந்தார். அணிவித்த முறைக்கு நேர்மாறான முறையில் களைந்தார். இறுதியில் வைத்ததை முதலில் எடுத்தார். நூலைப் பிடித்து இழுக்கவில்லை. ஒவ்வொரு முடிச்சையும் கத்தரியால் நறுக்கினார். சந்திரப்பிறையை எடுக்கும்போது, மூன்று தையல்களுள் ஒன்று அறுந்திருந்தது தெரிந்தது. மற்றை இரண்டும் உறுதியாக இருந்தன. சீப்பில் நாலைந்து முடிகளே வந்தன. அணிகளை எண்ணிப் பார்த்துப் பஞ்சில் பொதிந்து, வெற்றிலை பாக்குப் பூவோடு அண்டை வீட்டில் அன்றே ஒப்படைத்தனர். ஒரு கல்லும் உதிரவில்லை.

புறப்படும்போது மணமகள் முதுமகளின் கையைப் பற்றிக்கொண்டாள். “முடி மறுபடி வளருமா ஆயா?” என்று கேட்டாள்.

“வறுத்த பயறே முளைக்கும் ஊரம்மா இது, உன் தலையில் முடி முளைக்காதா?” என்றார் அவர்.

மருத்துவர் சொன்னதும் அதுவே. தலைமுடி ஒரு திங்களில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். தைத்திங்களில் தலைப்பொங்கலுக்கு அவள் கணவனோடு திருப்புட்குழிக்கு வந்தாள். நெற்றியோரமெங்கும் மூன்று விரற்கடை நீளத்தில் புதுமுடிகள் கிளம்பிப் பின்னலில் அடங்காமல் நிமிர்ந்து நின்றன. அவற்றை எண்ணெய் தொட்டுப் படிய வாருமாறு தாய் கூறினாள். முதுமகள் சிரித்துக்கொண்டே தடுத்தார். “இளங்கன்றுகள், சில நாள் கட்டாமல் விடுங்கள்” என்றார்.

பொன்னும் கெம்பும் அணிக்கு விலையைத் தரும். அணியைத் தாங்குபவரின் வலியறிந்து முடிச்சிடும் கையே அதற்கு நிலையைத் தரும். மணையில் அமர்ந்த அப்பெண்ணின் தலையை அன்று நிமிர்த்தி வைத்தவை இரண்டு: முதுமகளின் முடிச்சு ஒன்று, அவள் தானே சொன்ன உண்மை மற்றொன்று.